ஆயுத பூசையில் பொட்டு வாங்கிய இன்ஜின் கவர்

சீதாலெட்சுமி அக்கா முதன்முதலில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டது ஏர்கோன் தண்ணீர். கிள்ளான் தாமான் செந்தோசா குடியிருப்பில் எங்கள் வீடும் அவர் வீடும் ஒரே வரிசை. நடுவில் ஒரு வீடுதான். அதுவரை கேட் பக்கம் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அன்றைக்குக் கையில் காலி வாளி.

"குமுதா, ஒங்க ஏர்கோன் குழாயிலேர்ந்து சொட்டுதே, அது சும்மா காவாயிலதான போவுது? நான் புடிச்சிக்கட்டா?"

"புடிச்சிக்கங்கக்கா. ஆனா எதுக்கு?"

"பைப் தண்ணியில மருந்து இருக்கு, உப்பு இருக்கு. இதுல ஒன்னும் கெடையாது. சாமானத்த அலச நல்லாருக்கும்."

என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. ஆனால் வாளி வாளியாகத் தண்ணீர் போனது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கோயில் பூசைக்குத் தொடுத்த பூவில் மிச்சம் என்று ஒரு முழத்தை எடுத்துக்கொண்டு நானே போய்விட்டேன்.

அவர் வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போடும் கொடியில் துண்டு, பாவாடை, அதற்குப் பக்கத்திலேயே மோட்டார் சைக்கிளின் இன்ஜின் சாமான்கள். ஒன்று சிவப்பு, ஒன்று தங்க நிறம், ஒன்று மயில் கழுத்து நிறம். பெயிண்ட் அடித்த மாதிரி இல்லை. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. இரும்புக் கடையில் பார்க்கிற வெளுத்த அலுமினியத்துக்குள் எங்கிருந்து இந்த நிறம் வந்தது என்று அங்கேயே நின்றுவிட்டேன். பூ கையிலேயே வாடிப்போனது.

அக்கா சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். முதலில் சாமானைப் பாத்திரம் கழுவும் சோப்பில் எண்ணெய் பிசுக்கு இல்லாமல் கழுவ வேண்டும். காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் மேல்தோல் கரைந்து பளிச்சென்று ஆகும். அப்புறம் அலுமினியக் கம்பியில் மாட்டி, பேட்டரிக் கடையில் வாங்கிய ஆசிட் கலந்த வாளிக்குள் தொங்கவிடுவார். ஓரத்தில் ஈயத் தகடு. கார் பேட்டரிக்குப் போடும் சார்ஜரை இரண்டுக்கும் மாட்டி மின்சாரம் விட்டால் சாமானைச் சுற்றி சின்னச் சின்னக் குமிழ் வரும். நம் ஊர் வெயிலில் ஆசிட் சூடானால் வேலை கெட்டுவிடும். அதனால் பெரிய தொட்டிக்குள் வாளியை இறக்கி, குளிர்பானப் போத்தலில் உறைய வைத்த ஐஸைச் சுற்றிப் போடுவார். அவர் வீட்டு பிரிட்ஜில் மீனுக்கு இருக்கிற இடத்தைவிட இந்தப் போத்தல்களுக்கு இடம் அதிகம்.

"அந்தக் குமிழி வரப்ப, அலுமினியம் தனக்குத்தானே புதுத் தோல் வளத்துக்குது குமுதா. அந்தத் தோலு முழுக்க ஓட்ட. கண்ணுக்குத் தெரியாத ஓட்ட. இட்லி சாம்பார் குடிக்குதுல்ல, அந்த மாதிரி அந்த நேரத்துல எதக் குடுத்தாலும் குடிச்சிடும். சாயத்துல போட்டா சாயத்தக் குடிக்கும். கை வெச்சா கை எண்ணெயக் குடிக்கும். அப்புறம் கொதிக்கிற தண்ணியில போட்டா ஓட்ட எல்லாம் மூடிக்கும். அதுக்கப்புறம் அது வேற பொருளு."

"எல்லா அலுமினியமும் குடிக்குமா?"

"எங்க குடிக்குது? கட்டியிலேர்ந்து கடைஞ்சு எடுத்தது குடிக்கும். அச்சுல ஊத்துன இன்ஜின் சாமான்ல மண்ணு மாதிரி என்னமோ கலந்திருக்கு. அத ஆசிட்ல எறக்குனா சாம்ப நெறத்துக்குப் போயி அசிங்கமா நிக்கும். அதுக்கெல்லாம் சூடு தாங்குற பெயிண்ட அடிச்சு, அந்தா அந்த ஓவன்ல வெச்சு வேக வெச்சிடுவேன்."

ஓவன் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருந்தது: இதில் சாப்பாடு வைக்காதே. அது கணவர் கன்னையா அண்ணனுக்கு. ஒருமுறை கறி பன்னைச் சூடு பண்ண அதில் வைத்துவிட்டாராம்.

சீதாக்கா பிறந்தது ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டம். கல்யாணத்துக்கு முன்பே கிள்ளானுக்கு வந்து, சன்னல் சட்டங்களுக்கு நிறம் போடும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். வேலை, சட்டத்தைக் கொக்கியில் மாட்டுவது. கொக்கி நகர்ந்து ஒரு மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே போகும். அந்தக் கோட்டைத் தாண்ட அக்காவுக்கு அனுமதி இல்லை. வெள்ளையாய்ப் போனது அந்தப் பக்கம் செம்பு நிறத்தில் வெளியே வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று சூப்பர்வைசரிடம் கேட்டதற்கு, "நீ மாட்டுனா போதும்லா, அது தன்னால நடக்கும்" என்றாராம். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, படித்து வேறு ஊர் போகிற வரைக்கும் அக்கா மாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தத் தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"வேல போனதுக்குக்கூட நான் அழுவல. உள்ள என்னா நடக்குதுன்னு பாக்காமலே வந்துட்டேனேன்னுதான் இருந்துச்சு" என்றார்.

அதைப் பார்க்கத்தான் வீட்டிலேயே வாளி வைத்தார். கைபேசியில் யார் யாரோ செய்து காட்டியதைப் பார்த்தார், பேட்டரிக் கடைக்காரரைக் கேட்டார், துணிச் சாயம் விற்பவரைக் கேட்டார். சோற்றுப் பானை மூடி ஊதா நிறமானது. அடுத்த வீட்டு மோட்டார் பிள்ளைகள் அந்த மூடியைப் பார்த்து, ஆன்டி இத நம்ம மோட்டருக்குச் செய்வீங்களா என்று வந்தார்கள். அப்படி வாய்ச்சொல்லில் பரவிய வேலை. பலகை கிடையாது, பெயர் கிடையாது. ஒரு சாமான் கெட்டால் அதுவும் அதே வாய்ச்சொல்லில்தான் பரவும். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

ராசிக் வந்தது அப்படித்தான். பங்சாரில் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீ ஆற்றுகிற தம்பி. கடை விடுமுறை நாளில் பெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்தைப் பிடித்துக் கிள்ளானுக்கு வந்துவிடுவார். பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் ஒன்றை ஒவ்வொரு ஆணியாய்க் கழற்றிப் புதிதாக்கிக்கொண்டிருந்தார். அதன் கிளட்ச் பக்கத்துக் கவர் உடைந்திருந்தது. கடையில் கிடைக்காது. மேருவில் கடைசல் பட்டறை வைத்திருந்த ஒரு சீனரைக் கெஞ்சி, அலுமினியக் கட்டியிலிருந்து ஒன்றைக் கடைந்து வாங்கினார். அது முடிந்ததும் சீனர் பட்டறையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். ஆக, உலகத்தில் அந்தக் கவர் ஒன்றுதான்.

"ஆன்டி, வெளிர் நீலம். மழ உட்டதும் வானம் இருக்குமே, அந்த மாதிரி. ஷா ஆலாம்ல பழைய மோட்டார் வெச்சிருக்கவங்கெல்லாம் கூடுறாங்க, ஞாயித்துக்கெழம. அன்னைக்கு அது என் மோட்டர்ல இருக்கணும்."

முதல் தடவை நிறம் திட்டுத்திட்டாக வந்தது. ஆசிட்டுக்குள் கம்பி நெகிழ்ந்துவிட்டது. அக்கா மறைக்காமல் சொல்லிவிட்டு, காஸ்டிக் சோடாவில் போட்டுப் பழைய தோலைக் கரைத்து எடுத்தார். கரைக்கும்போது அலுமினியமும் கொஞ்சம் கரையும். கவரின் ஓரத்தில் ரப்பர் வளையம் உட்காரும் பள்ளம் ஒன்று உண்டு. அது ஒரு முடி அளவு அகலமாகிவிட்டது. இன்னொரு முறை கரைத்தால் வளையம் பிடிக்காது, எண்ணெய் கசியும். அதனால் இந்த இரண்டாவது தடவை தப்பவே கூடாது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஆயுத பூசை.

கன்னையா அண்ணன் துறைமுகத்துக்குக் கொள்கலன் லோரி ஓட்டியவர். முழங்கால் போனதும் வீட்டில் இருக்கிறார். அவருக்கு ஆயுத பூசை என்றால் தீபாவளி மாதிரி. லோரி ஓட்டிய காலத்தில் பன்னிரண்டு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தவர். இப்போது லோரி இல்லை. அதனால் அந்த ஆசை முழுவதும் வீட்டுச் சாமான் மேல் இறங்கியிருக்கிறது. பிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின், கரண்ட் மீட்டர், அம்மி, தையல் மெஷின் என்று ஒன்றைக்கூட விடமாட்டார். எல்லாவற்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம்.

"இன்னைக்கு வேல செய்யக் கூடாது சீதா. ஆயுதம் ஓய்வெடுக்கிற நாளு" என்று காலையிலேயே தொடங்கினார்.

"பூச சாயங்காலந்தான? அதுக்குள்ள ஆசிட் வேலைய முடிச்சிடுறேன். ராத்திரி சாயத்துல போட்டு மூடிட்டா நாளைக்கு அந்தத் தம்பி வந்து எடுத்துக்குவாரு."

"சாமிகிட்டயும் ஓவர்டைம் கேக்குற ஒரே பொம்பள நீதான்."

மதியத்துக்குள் மின்சார வேலை நன்றாகவே முடிந்தது. நான் பார்த்தேன். கவர் ஒரே சீராய், மங்கிய வெள்ளையாய் இருந்தது. அதை எங்கள் வீட்டு ஏர்கோன் தண்ணீர் வாளிக்குள் முக்கி, மூடியைப் போட்டு, அக்கா என்னோடு கோயிலுக்குச் சுண்டல் அவிக்க வந்துவிட்டார். போகும்போது, "வாளியில சாமான் கெடக்கு" என்று மட்டும் அண்ணனிடம் சொன்னார்.

நாங்கள் திரும்பி வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. வாழையிலை, பொரி, அவல், பழம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சார்ஜர், கரண்டி, கத்தரிக்கோல், அண்ணனின் பழைய லைசென்ஸ்கூட வரிசையாய் இருந்தது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறக்கிறேன், பக்கத்தில் அக்காவின் கை கும்பிட்டபடியே நின்றுவிட்டது. சார்ஜருக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் ராசிக்கின் கவர். சரியாக நடு நெற்றியில் சந்தனம் இட்டு, அதன் மேல் வட்டமாய்க் குங்குமம்.

கற்பூரம் அணைகிற வரை அக்கா பொறுத்திருந்தார். ஒற்றிக்கொண்டார். விபூதி இட்டுக்கொண்டார். பிறகுதான் கேட்டார்.

"அத யாரு வாளியிலேர்ந்து எடுத்தா?"

"நாந்தான். துணியால தொடச்சுதான் வெச்சேன். இன்னைக்கு வேல செஞ்ச சாமான உட்டுட்டு, தூங்குற சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கிறதா?"

"அது இன்னும் மூடல. வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு. நீங்க வெச்ச குங்குமத்தக் குடிச்சிருக்கும்."

அண்ணன் முகம் மாறியது. அக்கா எடுக்கக் குனிந்தார். "இரு சீதா. சாமி முன்னாடி வெச்சாச்சு. காலையில மறுபூச போட்டுத்தான் எடுக்கணும். ஒனக்குத் தெரியாததா?"

எனக்கும் அது தெரியும். எங்கள் வீட்டில் வைத்த ஊசியைக்கூட மறுநாள் பூசைக்கு முன் தொடமாட்டோம். அக்கா குனிந்த நிலையிலேயே யோசித்தார். ஒவ்வொரு நிமிசமும் குங்குமம் இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றார் மெதுவாக, "நம்ம சாமான நாம வைக்கலாம். இது நம்மளுது இல்ல. அந்தத் தம்பி சாமி வேற. அவருகிட்ட ஒரு வார்த்த கேக்காம அவரு பொருள நாம இங்க வெச்சது தப்பு. அத எடுத்தா சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா."

தீபத்தைத் தொட்டு ஒற்றிக்கொண்டு கவரை எடுத்துவிட்டார். அண்ணன் பொரியை அள்ளி என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏர்கோன் தண்ணீரில் அலசியதும் குங்குமமும் சந்தனமும் போய்விட்டன. ஆனால் இடம் போகவில்லை. ஐம்பது காசு அகலத்துக்கு ஒரு மஞ்சள் வட்டம், அதன் நடுவே செக்கச் சிவந்த புள்ளி. சோப்பு போட்டாலும் அசையவில்லை. அக்கா அதைத் திரும்பவும் தண்ணீருக்குள் முக்கி வைத்தார்.

"கறுப்புச் சாயத்துல போட்டா தெரியாதேக்கா" என்றேன்.

"கறுப்பு எல்லாத்தையும் மூடும். ஆனா அவரு கேட்டது வானம்."

மறுநாள் காலை மறுபூசை முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டார். அக்காவின் முகத்தில் கவலை இருந்தது, ஆனால் அதைவிட வேறு ஒன்று அதிகமாய் இருந்தது. சன்னல் சட்டம் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் போவதைப் பார்த்து நின்ற முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"குமுதா, இந்த வீட்டுல ரெண்டு குங்குமம் இருக்கு. ஒன்னு லிட்டில் இந்தியா கடைத்தெருவுல வாங்குன பாக்கெட்டு. இன்னொன்னு நீ கோயிலுக்கு மஞ்சள்ள செய்வியே, அது. எத வெச்சாருன்னு தெரியணும்."

"அண்ணனக் கேளுங்களேன்."

"கேட்டேன். ரெண்டையும் ஒரே டப்பா மூடியில தட்டி வெச்சிருந்தேங்கிறாரு. நேத்துலேர்ந்து ஒரு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கிறாரு."

நான் குங்குமம் செய்வது எளிது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். கடைக் குங்குமத்தில் என்ன போடுகிறார்களோ, அது எதற்கும் அசையாது. இதைச் சொன்னதுமே அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தை வெட்டிவிட்டார்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் செய்ததை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பஞ்சில் சாறு நனைத்து, வீடு முழுக்க அண்ணன் வைத்த பொட்டுகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தோம். கரண்ட் மீட்டர் மஞ்சளானது. பிரிட்ஜ் மஞ்சளானது. தையல் மெஷின் சிவப்பாகவே நின்றது. துணி துவைக்கும் மெஷினும் சிவப்பு.

"நடுவுல ஒன்னோடது தீந்துபோயி கடைக் குங்குமத்துக்கு மாறிட்டாரு" என்றார் அக்கா. "கவர் எப்ப வெச்சாரு?"

வெளியே நாற்காலியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "கடைசியா."

கடைசி என்றால் கடைக் குங்குமம். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். இருந்தாலும் பார்த்துவிடுவோம் என்று, அதே கட்டியிலிருந்து சீனர் கொடுத்து, கவரோடு சேர்த்து ஆசிட்டில் ஏற்றியிருந்த வெட்டுத் துண்டு ஒன்றில் முதலில் சாற்றை வைத்து, உடனே அலசி, கெடுதல் இல்லை என்று தெரிந்த பிறகு கவரின் சிவப்புப் புள்ளியில் ஒரே ஒரு சொட்டு விட்டார்.

சிவப்பு, மஞ்சளாகிவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "கடைசியாதான வெச்சேன்னாரு" என்றார் அக்கா. வெளியே கேட்டுப் பார்த்தார். அண்ணன் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

மஞ்சள் என்றால் எனக்குப் பயம் இல்லை. "வேட்டியில மஞ்சக் கற பட்டா நாம என்னக்கா செய்வோம்? நனைச்சு வெயில்ல போடுவோம். வெயிலு தின்னுடும்."

"அலுமினியத்துலயும் திங்குமா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியாது. பாப்போம்."

அதில் ஒரு சிக்கல். காய விட்டால் தோல் சாயத்தைச் சரியாகக் குடிக்காது. தண்ணீருக்குள்ளேயே வெயிலில் வைக்கவேண்டும். தண்ணீர் வெயிலில் சூடாகிவிட்டால் ஓட்டை மூடத் தொடங்கிவிடும். ஆக, வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். வெள்ளைத் தட்டம் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, கவரையும், அதோடு சேர்த்து ஆசிட்டில் ஏற்றி, இப்போது சந்தனமும் என் குங்குமமும் வைத்துக் கழுவிய இன்னொரு துண்டையும் பக்கத்தில் போட்டார். துண்டில் என்ன நடக்கிறதோ அதுதான் கவரிலும் நடக்கும் என்று கணக்கு. தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஐஸ் போத்தல் போட்ட வாளியிலிருந்து மாற்று. நான் எங்கள் வீட்டு ஏர்கோனை ஆள் இல்லாத அறையில் போட்டுவிட்டு வந்தேன், தண்ணீர் சொட்டட்டும் என்று.

உள்ளே சமையலைப் பார்க்கப் போய்த் திரும்பி வந்தபோது தட்டம் வேறு இடத்தில் இருந்தது. கூரையின் நிழல் நகர்ந்து வந்ததும் கன்னையா அண்ணன் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தட்டத்தைத் தள்ளி வெயிலுக்குள் வைத்திருக்கிறார். நாங்கள் பார்த்ததும் நாற்காலிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகும் தட்டம் அப்படித்தான் நகர்ந்துகொண்டே போனது.

மதியத்துக்குள் மஞ்சள் வெளுத்து வைக்கோல் நிறமானது. பிறகு அதுவும் மங்கியது. கிள்ளான் வானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நன்றாக வெளுத்துவருகிற நேரத்தில் கடல் பக்கமிருந்து மேகம் ஏறிவிட்டது. முதல் தூறல் விழும்போது ராசிக்கின் மோட்டார் சத்தம் கேட்டது. இரவல் மோட்டார். தன்னுடையதைக் கவர் இல்லாமல் ஒரு நண்பரின் வேனில் ஏற்றிச் செந்தோசா கடைத்தெருவில் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"ஆன்டி, என்ன எல்லாரும் ஒரு தட்டத்தச் சுத்தி நிக்கிறீங்க, மீனு கீனு வளக்குறீங்களா?"

அக்கா நேராகச் சொன்னார். பூசை, பொட்டு, குங்குமம், எலுமிச்சம்பழம், வெயில். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. ராசிக்கின் சிரிப்பு மெல்ல நின்றது. குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார்.

"அங்கிள், என் மோட்டருக்கு நீங்க பொட்டு வெச்சிட்டீங்களா?"

"ஒன் மோட்டாருன்னு வைக்கல தம்பி." அண்ணன் எழுந்து நின்றார். "சீதா காலையிலேர்ந்து குனிஞ்சு நின்னு செஞ்ச சாமான்னு வெச்சேன். கோயில் குங்குமம் தீரப் போச்சு, மிச்சத்துக்கெல்லாம் கடைக் குங்குமம் போதும்னு, இதுக்குன்னு கோயில் குங்குமத்துல கொஞ்சம் எடுத்து வெச்சிருந்தேன்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் வந்தது.

"கேட்டிருக்கலாம் அங்கிள்" என்றார் ராசிக். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "எனக்கு ஒன்னும் இல்ல. கடையில தெனம் பொட்டு வெச்சவங்களுக்குத்தான டீ ஆத்துறேன். ஆனா எங்கம்மா பாத்தா, என்னாடா இதுன்னு கேப்பாங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"ஆமாப்பா. கேட்டிருக்கணும். எனக்குத் தோணாம போச்சு."

ராசிக் கவரைப் பார்த்தபடி, "எங்க இருக்கு? எனக்குத் தெரியலையே" என்றார்.

"இப்ப தெரியாது. சாயம் ஏறுனா தெரியலாம்" என்றார் அக்கா. "உள்ள மஞ்சள் மிச்சம் இருந்தா, வெளிர் நீலத்துல அந்த எடம் பச்சையா நிக்கும். இருட்டு நீலம்னா கண்டிப்பா தெரியாது, அதுக்கு நான் பொறுப்பு. வெளிர் நீலத்துக்கு என்னால பொறுப்பு சொல்ல முடியாது. போட்டுட்டா திருப்ப முடியாது. நீங்கதான் சொல்லணும்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"எனக்குத் தெரியல தம்பி. அதான் ஒரு துண்ட வெச்சிருக்கேன். மொதல்ல அது போவட்டும்."

சாயம் வெதுவெதுப்பாய் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இருந்தது. துண்டைக் கம்பியில் மாட்டி உள்ளே விட்டார். நான்கு தலையும் அந்தப் பாத்திரத்துக்கு மேல். வெளியே எடுத்தபோது நீலம் வழிந்து சொட்டியது. அலசினார். வானம்தான். நடுவில், தெரிந்தவர் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு, ஒரு மெல்லிய பசுமை.

"நீங்க சொன்னதால தெரியுது" என்றார் ராசிக். "சொல்லலன்னா தெரியாது."

"நாளைக்கு அத்தன பேரு வந்து உத்து உத்துப் பாப்பாங்களே தம்பி."

ராசிக் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துண்டு எவ்வளவு நேரம் வெயில்ல இருந்துச்சு?"

"கவரோடதான். ஆனா..." அக்கா கொஞ்சம் தயங்கினார். "இதுல நான் பொட்டு வெச்சப்ப கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சேன். கெட்டதுலயே கெட்டது எப்படி இருக்கும்னு பாக்க. கவர்ல இவரு எப்படி வெச்சாருன்னு எனக்குத் தெரியாது."

எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம்.

"பிள்ளைக்கு வைக்கிற மாதிரிதான் வெச்சேன்" என்றார் அவர். "அழுத்தல."

ராசிக் கையைத் துடைத்துக்கொண்டார். "போடுங்க ஆன்டி. வானமே போடுங்க."

அக்கா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். கவர் சாயத்துக்குள் இறங்கியது. அந்த நேரம் எனக்கு ஒரு மந்திரமும் நினைவுக்கு வரவில்லை. முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டு பாத்திரத்தின் ஓரத்தில் தெரிந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் சமையலறை வாசலோடு நின்றுவிட்டார், கிட்டே வரவில்லை.

கவர் மேலே வந்தது. அலசினார். முன்பக்கம் திருப்பினார். ராசிக் கம்பியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மழை வெளிச்சம் விழுகிற கேட் பக்கம் போனார். சாய்த்துப் பார்த்தார். மறுபக்கம் சாய்த்தார். கைபேசி விளக்கைப் போட்டும் பார்த்தார். அக்கா பின்னாலேயே போய் நின்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிகிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் தேடிக்கொண்டுதான் இருந்தார்.

"அங்கிள், இங்க வாங்க" என்று ராசிக் கூப்பிட்டார். "எங்க வெச்சீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

கன்னையா அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கவருக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். ஒரு விரல் நீண்டது.

"இங்கதான். இல்ல... இதுக்குக் கொஞ்சம் மேல. இரு, ஆணி ஓட்ட இந்தப் பக்கம் இருந்துச்சு, அப்படின்னா..." விரல் நீலத்துக்கு மேலே ஒரு அரிசி உயரத்தில் இங்கும் அங்கும் அலைந்தது. "தெரியலப்பா."

"தொடாதீங்க" என்றார் அக்கா. "இன்னும் மூடல."

விரல் சட்டென்று பின்னால் போனது. ராசிக் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார், அப்புறம் அக்காவும். கொதிக்கிற பானையின் மூடியை நான் திறந்து பிடித்தேன். ராசிக் தானே கம்பியைத் தூக்கி, வானத்தை அந்தத் தண்ணீருக்குள் இறக்கினார்.